உலகப் போர்களில் வெளிநாட்டுக்குப் போய் ராணுவக் குதிரை, கோவேறு கழுதைகளைப் பராமரித்த சிப்பாய்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

ராணுவத்தில் சாமான், போக்குவரத்து வேலைகளைப் பார்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் கோவேறு கழுதைகளோடு சில வருடம் இருந்தவன் நான். பட்டாளத்தில் அதைக் கச்சர் என்போம், இங்கேயும் அப்படியே எழுதிக்கொள்கிறேன். முதல் உலகப் போர்க் குதிரைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியக் கச்சர் கம்பெனிகளைப் (கம்பெனி என்றால் ராணுவத்தில் ஒரு சிறு பிரிவு) பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை, அதனால் அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1939-இல் பிரான்சில் போய் இறங்கிய பிரிட்டிஷ் படையில் எங்கு பார்த்தாலும் லாரிதான். குளிர்காலச் சேற்றில் லாரி மாட்டிக்கொண்டால் சாமானை யார் சுமப்பது என்று யோசித்தபோது அவர்களிடம் பொதி சுமக்கும் பிராணிகளே இல்லை. இந்தியாவிடம் கேட்டார்கள். நான்கு கம்பெனிகள், ஏறக்குறைய 2,000 கச்சர்கள் பம்பாயில் கப்பலேறி டிசம்பர் 26 அன்று பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. கே6 படை என்று பெயர். ஆட்களில் பெரும்பாலோர் பஞ்சாபி முஸ்லிம்கள். அந்த வருடம் ஐரோப்பாவில் குளிர் வழக்கத்தைவிட மிகக் கடுமை.

இந்த வேலையில் இருப்பவன் தன் இஷ்டத்துக்கு எழவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. விடியும் முன்பே தண்ணீர் காட்ட வேண்டும். தண்ணீர் முதலில், தீனி அப்புறம். மாற்றிச் செய்தால் வயிற்று வலி வந்து படுத்துவிடும். கலங்கிய தண்ணீர் என்றால் கச்சர் வாயே வைக்காது. பிறகு உடம்பைத் தேய்த்துவிட்டு, நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்து, சிக்கிய கல்லை நெம்பி எடுக்க வேண்டும். பனி உறைந்த சாலை என்றால் லாடத்தில் வழுக்காத ஆணியும் அடித்தாக வேண்டும்.

சுமை 160 பவுண்டு, அதாவது 72 கிலோ சொச்சம். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். சேணத்துக்கு அடியில் விரிக்கும் கம்பளியில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் முதுகு புண்ணாகிவிடும். அப்புறம் அந்தக் கச்சர் பல நாளுக்கு வேலைக்கு ஆகாது, திட்டு விழுவது நமக்கு. வார் இறுக்கும்போது அது வயிற்றை உப்பிக்கொள்ளும். ஏமாந்து அப்படியே கிளம்பினால் பாதி வழியில் சுமை சரிந்து தொங்கும். கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, மூச்சை விட்டதும் மறுபடி ஒரு இழு இழுக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய ஹவில்தார். அவருக்கு முந்தைய தலைமுறை பிரான்சில் செய்ததும் இதைத்தான். ஆக, போர் என்றாலும் அவர்களுடைய நாளில் முக்கால்வாசி இந்த வேலையிலேயே போயிருக்கும்.

1940 மே மாதம் ஜெர்மானியர் உள்ளே புகுந்ததும் எல்லாம் தலைகீழானது. படைகளைக் கப்பலேற்றிய பிரெஞ்சுக் கடற்கரை ஊரான டன்கிர்க்கை நோக்கிப் பின்வாங்கும் வழியில், ஜெமதார் (இளநிலை இந்திய அதிகாரி) மௌலா தாத் கானின் துருப்பின் மேல் தரையிலிருந்து பீரங்கிக் குண்டும் மேலேயிருந்து விமானக் குண்டும் விழுந்தன. அவர் ஆட்களையும் கச்சர்களையும் ஒழுங்குபடுத்தி, சாலையை விட்டு இறக்கி மறைவிடத்துக்குக் கொண்டுபோனார். அதற்காகவே பதக்கம் கிடைத்தது. கேட்க லேசாகத் தெரியும். மிரண்ட கச்சரை அதட்டி இழுத்தால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் மற்றதெல்லாம் பின்னாலேயே ஓடும். தன் உயிரைப் பார்க்காமல் அதன் காதோரம் நின்று பேசிக்கொண்டே நடத்திப்போக ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

டன்கிர்க்கில் கப்பலில் ஆட்களுக்கே இடம் போதவில்லை. கச்சர்கள் பிரான்சிலேயே விடப்பட்டன. என் பொறுப்பில் இருந்த ஒன்றை வேறு யூனிட்டுக்கு மாற்றியபோதே எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிப்பாய்களோ தினமும் தேய்த்துவிட்ட பிராணியை இன்னது ஆகும் என்று தெரியாமல் விட்டுவிட்டு வந்தார்கள்.

நான்கில் ஒன்றான 22-ஆம் கம்பெனி பிரான்சின் கிழக்கே வேறிடத்தில் இருந்தது, அது ஜெர்மானியரிடம் சிக்கியது. மற்ற கம்பெனிகளின் ஆட்கள் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே புதுக் கச்சர்கள் கொடுத்து, வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் மலைப் போர்ப் பயிற்சி. 1944-இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. சிலர் திரும்பவே இல்லை, ஸ்காட்லாந்தில் கிங்யூசி என்ற ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

டன்கிர்க்கிலிருந்து இவர்களோடு வந்த மேஜர் முகம்மது அக்பர் கான், பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆனார். அந்த ராணுவத்தின் அதிகாரிகள் வரிசையில் முதல் எண் அவருடையதுதான். "கழுதை மேய்க்கிற ரெஜிமெண்டா?" என்று எங்களைக் கிண்டல் செய்தவர்களிடம் நான் சொல்லும் பதில் இதுதான்.