பாலும் வேணாம் பாணும் வேணாம் எண்டா புள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற?

கேள்வி: டொக்டர், நாங்க களுவாஞ்சிகுடிப் பக்கம். என்ட அவர் கோயில்ல பூசைக்கு நிக்கிறதால வீட்டுல மீன் முட்ட ஒண்டும் சேக்கிறல்ல, சுத்த சைவம். மகனுக்கு 5 வயசு, 15 கிலோ. போன மாரியில வயித்தோட்டம் வந்து ஒரு கிழம வாட்டில வெச்சிருந்தாங்க, அதுக்குப் பொறகு பால்தேத்தண்ணி குடிச்சா ஒரு மணித்தியாலத்துல வயிறு ஊதி தண்ணியாப் போகும். பால நிப்பாட்டினன். பாண் திண்டாலும் வயித்துக்குத்து எண்டான், அதையும் நிப்பாட்டினன். கௌபிக்கும் வயிறு ஊதுது. இப்ப ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போன நேரம் அவன்ட மாமா வாங்கிக் குடுத்த கச்சான் (நிலக்கடலை) நாலஞ்சு திண்டிருப்பான், பத்து நிமிசத்துல சொண்டு வீங்கி உடம்பெல்லாம் தடிச்சிட்டு, பிரிட்டன் (Piriton) எண்ட அலர்ஜிப் பாணி குடுத்துத்தான் குறைஞ்ச. அந்தப் பயத்துல பருப்பு, பயறு, கொண்டக்கடல எல்லாத்தையும் வெட்டிட்டன். அவனுக்குத் தனிச் சட்டியில சோறும் பூசணிக்காய் வெள்ளக்கறியும், எங்களுக்கு வேற சட்டி. மாமி தயிரக் குடு தயிரக் குடு எண்டு ஒரே சண்ட. கொழும்புல 90 சாமானுக்கு ரத்தம் பாக்கிற டெஸ்ட் இருக்காம், கூட்டிட்டுப் போகட்டா?

பதில்: தங்கச்சி, ஒங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். பால், பாண், கௌபி, கச்சான் எண்டு நாலையும் ஒரே பட்டியல்ல போட்டு, நாலுக்கும் ஒரே வைத்தியமா நிப்பாட்டி வெச்சிருக்கீங்க. ஆனா அது நாலும் நாலு வேற கத. ஒண்டு உண்மையிலயே ஆபத்து, ஒண்டு அநேகமா இப்ப சரியாகியிருக்கும், ஒண்டு சமையல் விசயம், மற்றது பாவம், செய்யாத குத்தத்துக்கு மறியல்ல கிடக்கு.

ஆபத்தானத முதல்ல சொல்லிர்றன். கச்சான் திண்டு பத்து நிமிசத்துல சொண்டு வீங்கி உடம்பு தடிச்ச எண்டா அதுதான் அலர்ஜி, அதுல சந்தேகமில்ல. உடம்புட எதிர்ப்புச் சக்தி கச்சான்ல இருக்கிற புரதத்த எதிரியெண்டு நினைச்சு அடிக்கிற அடி அது. நாலு கச்சானுக்கு இந்த மாதிரியெண்டா அடுத்த தரமும் இந்த அளவோட நிக்குமெண்டு ஒருத்தராலயும் சொல்லேலா, கூடவும் வரலாம். அதால கச்சான் முற்றா இல்ல, கச்சான் உருண்டை, மிக்சர், கச்சான் தூள் போட்ட சம்பல், ஒண்டும் இல்ல. பிஸ்கட், சொக்லட் பக்கெட்டுகள்ல பின்பக்கம் என்னென்ன போட்டிருக்கெண்டு எழுதியிருக்கும், எழுத்துத்தான் எறும்பு மாதிரி இருக்கும், போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. மறுபடியும் தவறித் தின்டு மூச்சு இழுக்குது, குரல் மாறுது, திரும்பத் திரும்பச் சத்தி எடுக்குது, சோந்து விழுறான் எண்டா பிரிட்டன் பாணிய நம்பி வீட்டுல வெச்சிக்கொண்டிருக்கப்படா. பிரிட்டன் தடிப்புக்கும் கடிக்கும் மட்டுந்தான், மூச்சக் காப்பாத்தாது. அதுக்கு மருந்து அட்ரினலின் ஊசி, அது ஆஸ்பத்திரியில இருக்கு. 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்ஸ கூப்பிடுங்க, அதுவர புள்ளையப் படுக்க வெச்சு கால உசத்தி வையுங்க, மூச்செடுக்கக் கஸ்டமெண்டா நிமிந்து இருக்க விடுங்க, தூக்கிக்கொண்டு ஓடாதீங்க, நடக்க வைக்கவும் வேணாம். மாமாக்கும் டீச்சருக்கும் இதச் சொல்லிவைங்க, ஸ்கூல்ல சாப்பாட்டுப் பெட்டி மாத்திச் சாப்பிடுற வயசு இது. தடுப்பூசிக்குப் போனாலும் அலர்ஜி இருக்கெண்டு முதல்லயே வாயத் திறந்து சொல்லுங்க.

இனிப் பால். நீங்க எழுதினதுல எனக்கு விசயம் விளங்கின இடம் அந்த மாரி காலத்து வயித்தோட்டம். பால்ல லாக்டோஸ் எண்டொரு சீனி இருக்கு, அத உடைக்கிற நொதி சிறுகுடல்ட உள்தோல்ல ஊறுறது. பலமா வயித்தோட்டம் வந்தா அந்தத் தோல் உரிஞ்ச மாதிரி ஆகி நொதி குறைஞ்சிரும், உடையாத சீனி பெருங்குடலுக்குப் போய் புளிச்சு வயிறு ஊதி தண்ணியாப் போகும். இது அலர்ஜி இல்ல. தடிப்பு இல்ல, சொண்டு வீக்கம் இல்ல, மலத்துல ரத்தம் இல்ல, அப்பிடி இருந்தா நீங்க எழுதியிருப்பீங்க. அதோட பால்மாட நிறையில மூண்டில ஒரு பங்குக்கு மேல லாக்டோஸ்தான், நம்மட ஆக்கள் ஒரு கப்புக்கு ரெண்டு மூண்டு கரண்டி போட்டுத் திக்கா அடிப்பம், ஆறின குடலுக்கே அது கூட. வயித்தோட்டத்தால வந்த இந்தக் குறை வழமையா சில கிழமையில, மிஞ்சினா ரெண்டு மூண்டு மாசத்துல ஆறிரும். நீங்க நிப்பாட்டி எட்டு மாசம்!

இங்க ஒண்டு கேக்கணும், புதுவருசத்துக்கு, தீவாளிக்கு பால்டொபி ஒரு துண்டு திண்டவனா, கோயில் புக்கையில நெய் விட்டது திண்டவனா, திண்டு தடிப்பு ஏதும் வந்ததா? வரல்ல எண்டா நான் சொல்லுற வழி சரி. வந்தது எண்டா அல்லது மலத்துல ரத்தம் கண்டீங்க, உடம்புல ஓயாத கரப்பான் இருக்கு எண்டா கத வேற, அப்ப பால்ட புரதத்துக்கே அலர்ஜியா இருக்கலாம், வீட்டுல ஒண்டையும் பரிசோதிச்சுப் பாக்கப்படா, நேர சிறுவர் கிளினிக்குத்தான். அந்த அலர்ஜிக்கு மாட்டுப்பாலுக்குப் பதிலா ஆட்டுப்பால், எருமப்பால் எண்டு சொல்லுறதும் பிழை, புரதம் கிட்டத்தட்ட ஒண்டேதான்.

லாக்டோஸ்தான் பிரச்சினையெண்டா மாமி சொன்னது சரி, இத நான் எழுதினனெண்டு அவவுக்குக் காட்டுறதும் காட்டாததும் ஒங்கட இஸ்டம். தயிர் உறையக்கொள்ள அந்தக் கிருமிகளே லாக்டோஸ்ல ஒரு பங்கைத் திண்டிருது, மிச்சத்த உடைக்கவும் வயித்துக்குள்ள உதவி செய்யுது. நம்மட படுவான்கரை எருமத்தயிர் சட்டியக் கவுத்தாலும் விழாத தயிர், அத விட என்ன வேணும். முதல் நாள் ஒரு தேக்கரண்டி, மத்தியானச் சோத்தோட. ரெண்டு நாள் அதே அளவு. மறுகா ஒரு மேசக்கரண்டி, மறுகா ரெண்டு. வெறும் வயித்துல குடுக்காதீங்க, சீனி அள்ளிப் போடாதீங்க. லாக்டோஸ் ஒத்துக்காத பெரிய ஆக்கள்ல கனபேர் ஒரு கப் பால் அளவுகூட சாப்பாட்டோட எண்டா தாங்குவாங்க, ஆகவே இது ஆமா இல்லையா எண்ட விசயமில்ல, அளவு விசயம்.

ஏன் இந்தப் பாலுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுறனெண்டா, மீன் திங்கிற வீட்டுல பால நிப்பாட்டினா நான் பெருசா யோசிக்க மாட்டன், நெத்தலி இருக்கு, முட்ட இருக்கு. ஒங்கட வீடு அப்பிடியில்ல. விட்டமின் பி12 மரக்கறியில, கீரையில, பருப்பில கணக்கில வைக்கிற அளவுக்கு இல்ல, ஒங்கட வீட்டுல அதுக்கு இருந்த ஒரே வாசல் பாலும் தயிரும், அதைத்தான் பூட்டிட்டீங்க. பி12 ஈரல்ல சேமிப்புல கிடக்குறதால குறையிறது உடன தெரியாது, மெதுவாத்தான் தெரியும், புள்ள வெளிறும், சோம்பும், நாக்கு சிவந்து வழுவழுப்பாகும். தேங்காய்ப்பால் பாலுக்குப் பதில் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, கறிக்குச் சரி, ஆனா அதுல கொழுப்புத்தான், கல்சியமும் புரதமும் மாட்டுப்பால் அளவுக்கு வராது, பி12 அறவே இல்ல. தயிர் திரும்பப் பழகுற வர பி12 மருந்தா வேணுமா எண்டு கிளினிக்ல கேளுங்க, நீங்களா பாமசியில வாங்கிப் பருக்காதீங்க. 15 கிலோ எண்டது அபாயக் கோட்டுக்குக் கீழ இல்ல, ஆனா அஞ்சு வயசுப் பொடியனுக்கு நடுக்கோடு 18 கிலோ போல. மிட்வைஃப் அக்கா கீறித் தந்த வளர்ச்சிப் படத்த எடுத்துப் பாருங்க, போன வருசம் எந்தக் கோட்டுல போன, இப்ப எதுல போகுது எண்டு. கோடு விட்டுக் கோடு இறங்கியிருந்தா அதுதான் எனக்குக் கவல.

பாண். பாண அவன் என்னத்தோட திண்ட? எனக்குத் தெரியும், பால்தேத்தண்ணியில தோச்சுத்தான். அப்ப குத்தினது பாணா தேத்தண்ணியா? பாண் மேல வேற சாட்சி ஒண்டும் இல்ல. கோதுமைக்கு ஒத்துக்காத சீலியாக் எண்டொரு நோய் இருக்கு, உண்மைதான், ஆனா அதுக்கு ரத்தம் பாக்கிறதெண்டா புள்ள கோதும திண்டுகொண்டிருக்கணும், நிப்பாட்டிட்டுப் பாத்தா டெஸ்ட் பொய் சொல்லும். அதால தேத்தண்ணி இல்லாம பருப்புக்கறியோட ஒரு துண்டு பாண் குடுத்துப் பாருங்க. நாள் போகப் போக வயிறு ஊதி, மெலிஞ்சு, மலம் எண்ணெய்ப் பிடிப்பா நாறினா மட்டும் கிளினிக்ல சொல்லுங்க. (அந்த நோய் உண்டெண்டு தெரிஞ்ச வீடுகளுக்கு ஒரு சொல்லு, கடைப் பெருங்காயத்துல கோதும மா கலந்திருக்கும், சோயா சோஸ்லயும் கோதும இருக்கும், இது ரெண்டையும் ஆக்கள் மறந்துருவாங்க.)

கௌபி காத்து. கொண்டக்கடலயும் அப்பிடித்தான். அது எனக்கும் ஊதும், ஒங்களுக்கும் ஊதும். ராவு ஊறப்போட்டு, அந்தத் தண்ணிய ஊத்திட்டு, புதுத் தண்ணியில நல்லா மசிய அவிச்சு, இஞ்சியும் உள்ளியும் தட்டிப் போட்டு, ரெண்டு மேசக்கரண்டியோட நிப்பாட்டினா காணும். கச்சானும் பருப்பும் ஒரே குடும்பமெண்டு பயந்து பருப்பு, பயறு, உளுந்து எல்லாத்தையும் வெட்டினீங்களே, அதுதான் எனக்குப் பெரிய துக்கம். கச்சான் அலர்ஜிக்காரர்ல கூடுதலான ஆக்கள் மற்றப் பருப்பு வகையப் பிரச்சினையில்லாமச் சாப்பிடுறாங்க, ஒங்கட மகன் அஞ்சு வருசமா பருப்புச் சோறு திண்டு வளந்தவன், அவன்ட உடம்பே பதில் சொல்லிட்டுது. இண்டைக்கே பருப்பத் தொடங்குங்க. எள்ளுருண்டையும் கஜூவும் முதல்ல திண்டு ஒண்டும் நடக்கல்லயெண்டா அதையும் விடவேணாம், ஆனா கஜூவ கச்சானோட ஒரே சாக்குல, ஒரே கரண்டியில அள்ளுற கடையில வாங்காதீங்க.

இப்ப அந்தத் தனிச்சட்டி. தயவுசெஞ்சு அத எடுத்து வையுங்க. என்ட கிளினிக்குக்கு வந்த ஒரு பொடியனுக்கு தாய் இப்பிடித்தான் தனியா அவிச்சுக் குடுத்தவ, அவன் அந்தச் சோத்தப் பூனைக்கு வெச்சிட்டு அக்காட கோப்பையில களவாத் திண்டிருக்கான், ரெண்டு மாசமா தாய்க்குத் தெரியா. ஒத்துக்காது எண்டு அவ எழுதி வெச்ச சாமான்ல பாதி அந்தக் கோப்பையில இருந்த, அவனுக்கு ஒண்டும் ஆகல்ல. பூனைதான் கொழுத்த.

ஒரே சட்டியில எப்பிடிச் சமைக்கிற எண்டா, பொதுவான சட்டிக்குள்ள ஒருத்தருக்கும் ஆகாதது போகாது, மற்றது மேசையில வந்து சேரும். மத்தியானம் மைசூர்ப் பருப்ப தேங்காயிட ரெண்டாம் பால்ல மஞ்சளும் உள்ளியும் போட்டு மசிய அவியுங்க, முதற்பால் விட்டு இறக்கி அவனுக்கு ஒரு கரண்டி எடுத்துட்டு, மிச்சத்துக்குச் செத்தல் மிளகாயத் தாளிச்சுக் கொட்டுங்க, ரெண்டு சட்டி வேணாம், ரெண்டு நிமிசந்தான் வித்தியாசம். முருங்கை இலைச் சுண்டல் தேங்காப்பூப் போட்டு, இறக்கினாப் பொறகு தேசிக்காய் பிழியுங்க, புளிப்பு இருந்தாத்தான் இலையில, பருப்புல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல ஒட்டும், அந்தச் சாப்பாட்டோட பிளேன்டீ குடுத்தா ஒட்டினதும் போகும். பூசணிக்காய் இருக்கட்டும், அது ஒண்டும் பிழ செய்யல்ல. தயிர் மேசையில தனிக் கிண்ணத்துல. காலமைக்கு குரக்கன் மாவும் சிவப்பரிசி மாவும் சரிபாதியாக் குழைச்சுப் புட்டு அவிச்சு, அவிச்ச பயற நீத்துப்பெட்டியில இருந்து கொட்டினதும் கலந்து தேங்காப்பூவோட குடுங்க. 100 கிராம் குரக்கன்ல கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல, உடம்பு முழுசா எடுக்காட்டியும் அரிசிட கணக்குக்கு இது எங்கயோ. மாமி தீட்டுத் துடக்கு பாக்கிற மாதிரி கச்சானையும் பாத்தாச் சரி, வீட்டுக்குள்ளயே வரப்படா.

கோயில்ல குடுக்கிறதுல ஒரு கண் வேணும். புக்கை, மோதகம், அவல் பெரும்பாலும் பிரச்சினையில்ல, சுண்டல் கட்டித்தாற பேப்பர்ப் பொட்டலத்துக்குள்ள கச்சான் கலந்து வாறதுண்டு. ஒங்கட அவர் அங்கதானே நிக்கிறார், மடப்பள்ளியில ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். பக்கத்து வீட்டுல திரிபோஷா மாவுருண்டை தந்தா அதுல சோளம், சோயாவோட பால்மாவும் இருக்கு, தயிர் பழகினதுக்குப் பொறகு குடுங்க.

அந்த 90 சாமான் டெஸ்டுக்குக் காச வீணாக்காதீங்க. அப்பிடி மொத்தமாப் பாக்கிறதுகள்ல கனக்க, அவன் வழமையாத் திங்கிறது எதுவோ அதுக்கெல்லாம் கூடக் காட்டும், நீங்க வீட்டுக்கு வந்து இருக்கிற பூசணிக்காயையும் நிப்பாட்டுவீங்க. கச்சானுக்கு மட்டும் குறிப்பாப் பாக்கிற தோல் டெஸ்டோ ரத்த டெஸ்டோ வேணும், அத சிறுவர் கிளினிக்ல எழுதித் தருவாங்க, தேவையெண்டா கொழும்பு பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவாங்க. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியோ கல்முனையோ, ஒங்களுக்கு எது லேசோ அங்க இந்தக் கிழமையே போங்க. வளர்ச்சிப் படத்தக் கொண்டு போங்க, ஒரு கொப்பியில திண்டது, திண்ட நேரம், வயித்துல என்ன நடந்த எண்டு ஒரு வரி எழுதிக்கொண்டு போங்க.

தயிர அங்க காட்டிக் கேட்டுட்டுத் தொடங்குங்க. மாமிக்குச் சொல்லுங்க, சட்டிய இப்பவே வாங்கி உறியில தொங்கவிட வேணாமெண்டு, முதல் கிழமைக்கு அவனுக்கு ஒண்டு ரெண்டு கரண்டிதான், மிச்சத்த அவதான் திங்கணும்.