ஜெர்மனியின் சிறு நகரத்தில் முதல் பனிக்காலம்: சுவரில் ஈரம், வாசலில் பனி

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு தெற்கு ஜெர்மனியின் கெம்ப்டன் நகருக்குக் குடிபோகிறோம். வாடகை வீடு, இரண்டு வயதுக் குழந்தை, ஒரு பழைய கார். பனி கொட்டும் மாதங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கெம்ப்டன் ஆல்கொய் மலையடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 670 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். அங்கே பனி விழுந்தால் நாள்கணக்கில் தங்கும். புதிதாக வருகிறவர்கள் கையில் இருக்கும் பணத்தையெல்லாம் ஜாக்கெட்டில் போடுகிறார்கள். ஜாக்கெட் வேண்டியதுதான். ஆனால் முதல் வருடம் வம்பு வருவது பெரும்பாலும் சுவரில் பூக்கும் பூஞ்சையாலும், வாசலில் அள்ளாமல் விட்ட பனியாலும்தான். அதனால் அந்த இரண்டையும் முதலில் விரிவாகச் சொல்கிறேன்.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். அது அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைக்கிற திருகு மாதிரி அல்ல, அறைக்கு என்ன வெப்பம் வேண்டும் என்று சொல்கிற திருகு. 3 என்றால் சுமார் 20 டிகிரி, 2 என்றால் 16, 4 என்றால் 24. சீக்கிரம் சூடாகட்டும் என்று 5-இல் வைத்தால் வேகம் கூடாது. 28 டிகிரி வரை ஏறிக்கொண்டே போகும், பில்லும் கூடவே ஏறும். திருகின் மேல் திரைச்சீலையோ சோபாவோ மறைத்தால், அங்கே தேங்கும் சூட்டை அறையின் சூடு என்று எண்ணி வால்வு மூடிக்கொள்ளும், அறை குளிராகவே கிடக்கும். ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்று இருந்து உள்ளே களகளவென்று சத்தம் கேட்டால் காற்று அடைத்திருக்கிறது. பவுமார்க்ட் எனும் வீட்டுப் பராமரிப்புச் சாமான் கடையில் சில யூரோவுக்குக் கிடைக்கும் நாற்சதுரச் சாவியை மேல்மூலையில் இருக்கும் குமிழில் பொருத்தி, கீழே ஒரு கிண்ணம் பிடித்து, இடப்பக்கமாக அரைச் சுற்றுக்குள் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடுங்கள். இதனால் கட்டடத்தின் நீரழுத்தம் கொஞ்சம் குறையும், ஹவுஸ்மைஸ்டரிடம் (கட்டடப் பராமரிப்பாளர்) ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. மேலே சூடு, கீழே வெதுவெதுப்பு என்றால் அது பழுது இல்லை.

இனி ஈரம். சமையல், குளியல், துணி, மூச்சு எல்லாம் சேர்ந்து நாலு பேர் குடும்பம் ஒரு நாளில் பத்து லிட்டர் வரை தண்ணீரைக் காற்றில் கலக்கும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராக இறங்கும். பழைய வீட்டில் வெளிச்சுவரின் மூலையும், பீரோவுக்குப் பின்பக்கமும் அவ்வளவு குளிர்ந்துவிடும். சுவர் நனையாமல் வெறும் ஈரக்காற்று பட்டாலே பூஞ்சைக்குப் போதும். பத்துப் பதினைந்து யூரோவில் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். அது 40-க்கும் 60-க்கும் நடுவில் நின்றால் கவலை இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், முடிந்தால் உள்சுவருக்கே மாற்றுங்கள்.

ஈரத்தை வெளியேற்ற ஷ்டோஸ்லுஃப்டன் என்பார்கள்: ஜன்னலை முழுசாக விரியத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து, ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. திறக்கும்முன் ரேடியேட்டரை மூடுங்கள், இல்லாவிட்டால் குளிர்காற்று பட்டு வால்வு முழுவதும் திறந்துகொள்ளும். 0 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் பனி கொட்டும்போதும் திறக்கலாம். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்து நாள்முழுக்க விடுவது மோசமான பழக்கம். காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். இட்லி அவிக்கிற, சோறு வடிக்கிற வீட்டுக்கு இன்னொன்று: அடுப்புக்கு மேலே இருக்கும் புகைவாங்கி வெளியே குழாய் இல்லாத வகையாக இருந்தால் எண்ணெயையும் வாசனையையும் மட்டுமே பிடிக்கும், ஆவியை அப்படியே சமையலறைக்குத் திருப்பி விடும். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சமைத்ததும் ஜன்னலைத் திறங்கள். ஊருக்குப் போனாலும் ஹீட்டிங்கை முற்றிலும் அணைக்காதீர்கள், குழாய் உறைந்து வெடிக்கும்.

வாசல் பனிக்கு வருவோம். வீட்டு முன்னாலுள்ள நடைபாதையைச் சுத்தம் செய்யும் பொறுப்பைப் பெரும்பாலான ஊர்களில் நகராட்சி வீட்டுக்காரர் மேல் வைக்கிறது. அவர் அதை வாடகை ஒப்பந்தம் வழியாக உங்களுக்கு மாற்றலாம். ஒப்பந்தத்தில் வின்டர்டீன்ஸ்ட் (பனி அள்ளும் பொறுப்பு) என்ற சொல்லைத் தேடுங்கள். படிக்கட்டில் ஒட்டிய ஒரு தாள் மட்டும் போதாது, ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கெம்ப்டன் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பொதுவான நேரம் வேலை நாளில் காலை 7, ஞாயிறு விடுமுறை நாளில் 8, இரவு 8 மணி வரை. உங்கள் ஊர் விதியை நகராட்சியின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இருவர் ஒதுங்கி நடக்கும் அளவு, ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, பாதை வேண்டும். பனி அள்ளும் முறை உங்களுக்கு வரும் வாரத்தில் வேலைக்கோ ஊருக்கோ போகிறீர்கள் என்றால் ஆள் ஏற்பாடு செய்வது உங்கள் கடமை. யாராவது வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்பார்கள், அதற்குத்தான் ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் எனும் பொறுப்புக் காப்பீடு. பனிக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அள்ளுவதிலும் ஒரு முறை உண்டு. ஆட்கள் மிதிக்கும் முன்பே அள்ள வேண்டும். மிதிபட்ட பனி அமுங்கி ஐஸாகிவிடும், பிறகு ஷவல் இறங்காது. பத்து மீட்டர் நீளப் பாதையில் பத்து சென்டிமீட்டர் புதுப்பனி நூறு கிலோ வரை இருக்கும். ஈரப்பனி என்றால் அதே அளவு இருநூறைத் தாண்டும். தூக்கி வீசாமல் தள்ளுங்கள், முதுகு தப்பிக்கும். ஷவலின் தகட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் பனி ஒட்டாது. குவியலை நடைபாதையின் ஓரத்தில் வையுங்கள். சாலையிலும், சாக்கடைக் கம்பிமேலும், தீயணைப்புக் குழாய்மேலும் கொட்டக் கூடாது. தனியார் உப்புத் தூவுவதைப் பல ஊர்கள் தடுத்திருக்கின்றன, படிக்கட்டுக்கும் உறைமழைக்கும் மட்டும் விலக்கு. உப்பு மரவேரைக் கெடுக்கும், நாய்களின் பாதத்தை எரிக்கும், கடுங்குளிரில் வேலையும் செய்யாது. ஷ்ப்லிட் எனும் பொடிக்கல்லோ மணலோ போதும்.

நடக்கும்போது உண்மையான ஆபத்து பனியை விட, உறைந்த தரையில் மழை விழுந்து படியும் கண்ணாடி மாதிரியான ஐஸ்தான். சின்ன அடி வைத்து, உடல் எடையை முன்காலில் போட்டு நடங்கள், கையைப் பாக்கெட்டில் விடாதீர்கள். கூரையோரத்தில் ‘டாக்லவீனெ’ என்ற பலகை பார்த்தால் அதன் கீழே நிற்கவோ நிறுத்தவோ வேண்டாம், பனி மொத்தமாகச் சரியும்.

காருக்கு முக்கியமானது டயர். 2024 அக்டோபர் முதல் மலையும் பனிப்பூவும் போட்ட சின்னம் உள்ளது மட்டுமே குளிர்கால டயராகக் கணக்கு. பழைய எம்+எஸ் குறி மட்டும் இருந்தால் செல்லாது. பனிச்சாலையில் தவறான டயரோடு போனால் 60 யூரோ அபராதமும், ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டப்புள்ளியும். டயர் வரிகளில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் கேட்டாலும் 4-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். எல்லாக் கண்ணாடியையும் கூரையையும் துடைத்த பிறகே கிளம்ப வேண்டும். சூடாகட்டும் என்று நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடுவதும் குற்றம்.

குழந்தைக்கு ஒட்டுமொத்த ஸ்னோ சூட், இரண்டு ஜோடி கையுறை, எல்லாவற்றிலும் பெயர். தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் பெல்ட் போடாதீர்கள், பெல்ட் தளர்வாகவே நிற்கும். கழற்றிவிட்டு மேலே கம்பளி போர்த்துங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்குள்ள வெயிலில் உடம்பு போதிய வைட்டமின் டி உண்டாக்காது, நம் நிறத்துக்கு இன்னும் குறைவு. குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டிசம்பர் 24 மதியம் 2 மணிக்குள் கடைகள் மூடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது. ஜனவரி 1-ம், பவேரியாவில் ஜனவரி 6-ம் அப்படியே. குழந்தைக்குப் பாலும் மருந்தும் 23-ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.