பிரசவ பயத்துக்கு ஹிப்னாசிஸ் உதவுமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 27 வயது. தலைப்பிரசவம், இப்போது 31-வது வாரம். ஸ்கேன், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் டாக்டர். எனக்குத்தான் ராத்திரியில் தூக்கம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவின் பிரசவத்துக்குத் துணையாகப் போனேன். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே அக்கா கத்துவதும், "இப்ப கத்தி என்ன பிரயோஜனம்?" என்று ஒரு சிஸ்டர் அதட்டுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. ஆனாலும் அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை.

சுய ஹிப்னாசிஸ் செய்தால் வலியே தெரியாது என்று சொன்ன ஓர் ஆன்லைன் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். கடற்கரையில் நடப்பதாக நினைக்கச் சொல்கிறார்கள். பாட்டி வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தால் வரும் அமைதியில் கால்வாசிகூட வரவில்லை. மாமியாரோ, "புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு வசியமெல்லாம் எதுக்கும்மா?" என்கிறார். நிறுத்திவிடட்டுமா? அன்றைக்கு வலி தாங்காமல் ஊசி கேட்டால் நான் தோற்றுப்போனதாகத்தானே அர்த்தம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் வலியே தெரியாது என்ற வாக்குறுதியை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படிச் சொல்லி வகுப்பு நடத்துவது தவறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச குழு, சுமார் 3,000 பெண்கள் பங்கேற்ற 9 ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தது. ஹிப்னாசிஸ் கற்றவர்களில் வலி மருந்து எடுத்தவர்கள் ஓரளவு குறைவு. வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியிலோ, சுகப்பிரசவம் ஆவதிலோ தெளிவான வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் 680 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்விலும் எபிடியூரல் குறையவில்லை. ஆனால், பிரசவத்தில் தாங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பயம் இல்லை என்று பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே? அந்த ஆய்வில் முதல் வகுப்பே ஏறக்குறைய 32-வது வாரத்தில்தான். நீங்கள் தாமதிக்கவில்லை.

மாமியாரின் கவலையும் நியாயமானதுதான். வசியம் என்ற சொல் அப்படிப் பயமுறுத்துகிறது. தமிழில் இதற்கு அறிதுயில் என்றும் ஒரு பெயர் உண்டு. திருமால் பாற்கடலில் கொள்வதாகச் சொல்கிறோமே, அதே சொல். அறிவு விழித்திருக்கும், உடம்பு ஓய்ந்திருக்கும். யாரும் உங்களை ஆட்டிவைக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் கண்ணைத் திறக்கலாம். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கடற்கரை வேண்டாம், கிணற்றடிக்குப் போங்கள். இடது பக்கம் சாய்ந்து படுத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் நெற்றி, தாடை, தோள், கை என்று தளர்த்துங்கள். அப்புறம் கிணற்றடியைப் பாருங்கள்: ராட்டினச் சத்தம், ஈரக் கல், பாட்டியின் குரல். பிறகு மனதுக்குள், "ஒவ்வொரு வலியும் வந்து போகும்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். தினமும் 15 நிமிடம் போதும். முதல் வாரம் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். உடம்பு பழகியபின் ஒரு நீண்ட மூச்சே உங்களை அங்கே கொண்டுபோய்விடும். டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். முன்பு மனநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அவரைக் கேட்டபின்தான் தொடர வேண்டும். ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, பனிக்குடம் உடைவது, பார்வை மங்கலோடு தலைவலி என எது வந்தாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊசி கேட்பது தோல்வியா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை. பல்லைப் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போடும்போது யாரும் தோற்பதில்லையே. சிசேரியன் தேவைப்பட்டாலும் இதே மூச்சு அந்த மேசையில் உங்களோடு இருக்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வலியைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அந்த அதட்டலைப் பற்றி ஒரு பத்தி. வலியைவிட, உள்ளே ஆதரவில்லாமல் தனியாகக் கிடப்போமோ என்றுதான் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதற்கு இந்தப் பயிற்சி மட்டும் போதாது. அக்காவிடம் அந்த நாளைப் பற்றி எப்போதாவது கேட்டீர்களா? நீங்கள் கதவுக்கு வெளியே கேட்டது பாதிதான். மீதியை அவர்தான் சொல்ல முடியும்.

பிரசவ அறையில் நம்பிக்கையான துணை ஒருவர் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் இதை வலியுறுத்துகிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் யாரை அனுமதிப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கூட வருபவர் இந்தப் பயிற்சியை உங்களோடு சேர்ந்து பழகட்டும். வலி வரும்போது தோளில் கை வைத்து, மூச்சை எண்ணிச் சொல்வது அவர் வேலை. அக்கா சம்மதித்தால், இந்த முறை அவர் உள்ளே வரட்டும். அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.