டிரேசர் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் 'டைம்அவுட்' மட்டும் வந்தால்

லேன் கேபிளிலிருந்து அடாப்டருக்குப் போகும் நீல ஜோடியின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். லேன் கேபிளை வெட்டி, யூஎஸ்பி-ஆர்எஸ்485 அடாப்டர் வழியாக இபிஎவர் டிரேசர் ஏஎன்-ஐ லேப்டாப்பில் இணைத்தும் 'டைம்அவுட்' (பதில் இல்லை) தவிர ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் ஆர்எஸ்485-இன் இரண்டு தகவல் கம்பிகளான ஏ-யும் பி-யும் மாறியிருக்கும்.

கன்ட்ரோலரின் ஆர்ஜே45 (லேன் வடிவ) சாக்கெட்டில் 3, 4 பின்கள் பி. 5, 6 பின்கள் ஏ. கடையில் கிடைக்கும் சாதாரண கேபிளில் 4 முழு நீலம், 5 வெள்ளை-நீலம். முழு நீலத்தை அடாப்டரின் பி-யிலும் வெள்ளை-நீலத்தை ஏ-யிலும் திருகுங்கள். பெங்களூரில் எஸ்பி ரோட்டில் நான் வாங்கிய அடாப்டரில் இந்த எழுத்துகளே தலைகீழாக அச்சாகியிருந்தன. அதனால் எழுத்தை நம்பாமல் இரண்டு விதமாகவும் முயலுங்கள். மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது.

அப்புறம் அடாப்டர் விளக்கைக் கவனியுங்கள். அனுப்பும் விளக்கு மட்டும் மினுக்கினால் வயர் அல்லது வேகம்தான் சிக்கல். லேப்டாப் மென்பொருளில் வேகம் (பாட் ரேட்) 115200, 9600 அல்ல. பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஸ்லேவ் எண் (கன்ட்ரோலரின் முகவரி) 1.

பிழைக் குறியீடு திரும்பி வந்தால் சந்தோஷப்படுங்கள், வயர் சரி. மோட்பஸ் (கன்ட்ரோலரிடம் தகவல் கேட்கும் முறை) ஃபங்ஷன் 03-க்குப் பதில் 04 போட்டு, பேட்டரி வோல்ட் இருக்கும் ஹெக்ஸ் 3104 முகவரியைப் படியுங்கள். 1284 வந்தால் பேட்டரி 12.84 வோல்ட்.

ஒன்று மட்டும் கவனம்: 1, 2 பின்களில் மின்சாரம் வரும். ஆரஞ்சு ஜோடியின் நுனியில் டேப் சுற்றுங்கள், கேபிளை லேப்டாப்பின் லேன் துளையில் செருகவே வேண்டாம்.