பதினான்கு இடங்களும் ஒன்றே முக்கால் வயதும்

அன்புள்ள அக்கா,

திண்டுக்கல்லிலிருந்து எழுதுகிறேன். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து முதல் முறையாக வெளிநாடு போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சிங்கப்பூர், மே மாதம், ஐந்து நாள். நான், கணவர், மாமியார், யு.கே.ஜி. படிக்கும் மகள், ஒன்றே முக்கால் வயது மகன். மகனுக்கு மே 20-ஆம் தேதி இரண்டு வயது முடிகிறது. பெரியவர்கள் மூவருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இனிமேல்தான் எடுக்க வேண்டும். டிராவல்ஸில் கொடுத்த திட்டத்தில் பதினான்கு இடங்கள். திருச்சியில் நள்ளிரவு விமானம், இறங்கியதும் அப்படியே ஊர் சுற்றிக் காட்டிவிட்டு மதியம்தான் ரூம். விலை குறைச்சல் என்று கணவருக்குத் திருப்தி, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எடுத்துப்போக வேண்டிய பொருட்களை எழுத ஆரம்பித்து நோட்டில் ஆறு பக்கம் ஆகிவிட்டது. விமானத்தில் பையன் தூங்க இருமல் மருந்து கொடு என்கிறார் நாத்தனார். மாமியாருக்கு முட்டி வலி, சாப்பாட்டுக் கவலை வேறு. "இந்த வயசுல கூட்டிட்டுப் போயி என்ன ஞாபகம் இருக்கப் போகுது, காசுக்குக் கேடு" என்கிறார் அப்பா. நீங்கள் அங்கே குடியிருந்தவர். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். டயப்பர், பால் பவுடர், சோப்பு, சட்டை எல்லாம் சிங்கப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும், விலைதான் கூட. மறந்துபோனால் வாங்க முடியாதது ஒன்றே ஒன்று, காகிதம். காகித விஷயத்தில் இம்மி பிசகாமல் இருங்கள், மற்ற எல்லாவற்றிலும் தாராளமாக விட்டுக்கொடுங்கள். உங்கள் டிராவல்ஸ்காரர் இதைத் தலைகீழாகச் செய்கிறார், பையனுக்குப் பாஸ்போர்ட்டே வரவில்லை, அதற்குள் அவன் ஐந்து நாளில் பார்க்க வேண்டிய பதினான்கு இடமும் தயார்.

இன்றைக்கே பீரோவைத் திறந்து இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுங்கள். அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நம் ஊரில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால், பல வீடுகளில் அந்த இடம் வருடக்கணக்காகக் காலியாகவே கிடக்கும், ஸ்கூலில் கேட்டாலொழிய யாருக்கும் ஞாபகம் வராது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும், உங்கள் மகன் அந்தக் கணக்கில் வருகிறான். பெயர் இல்லையென்றால் சேர்த்துக்கொடுப்பார்கள், பிறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும், நாலு நடை நடக்கவும் வேண்டியிருக்கும். அதனால்தான் இன்றைக்கே என்கிறேன்.

அடுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து எடுபடாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவதா, அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதா என்று கணவரும் நீங்களும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். காலியாக விட வேண்டாம் என்பது என் கட்சி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலாவுக்கு உள்ளே விட மாட்டோம் என்று அறிவித்தபோது நம் ஊர் ஆட்கள் எத்தனை பேர் பதறினார்கள் தெரியுமா. அப்புறம் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள், அது வேறு கதை. சிங்கப்பூரோடு உங்கள் பயணம் நிற்கப் போவதில்லை, இப்போதே சரியாகப் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து, எந்த வரிசையோ, அதேதான் டிக்கெட்டிலும் விசாவிலும் வர வேண்டும்.

விண்ணப்பத்தோடு அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும், அனெக்சர் டி என்பார்கள். உங்கள் இருவரின் பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். நாலு வயதுக்குக் கீழே என்றால் போட்டோவை நீங்களே எடுத்துப்போக வேண்டும், வெள்ளைப் பின்னணி. ஸ்டுடியோ ஸ்டூலில் உட்காரவைத்து கிலுகிலுப்பை ஆட்டி எல்லோரும் வியர்த்து விறுவிறுத்துப் போவார்கள், பையன் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பான். வீட்டில் ஜன்னல் ஓரத்துத் தரையில் சுருக்கமில்லாத வெள்ளை வேட்டியை விரித்து, அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, நேர் மேலே நின்று எடுத்தால் ஐந்து நிமிட வேலை. கட்டணம் ஆயிரம் ரூபாய், எட்டு வயதுக்குள் என்றால் அதில் பத்து சதவீதம் தள்ளுபடி. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அப்படியே பெரியவர்களின் பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பாருங்கள், சிங்கப்பூரில் இறங்கும் நாளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். மாமியாருடையதை முதலில் பாருங்கள்.

விசாவை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். ஆனால் சிங்கப்பூர் வருகை அட்டை என்று ஒன்றை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. அதற்குக் காசே கிடையாது. அசல் மாதிரியே இருக்கும் தளங்கள் பணம் கேட்கும், குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில்தான் நிரப்புகிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்ய வங்கியின் ஆப்பில் அனுமதியைத் திறந்துவிட வேண்டும், அதை இங்கிருந்தே செய்யுங்கள்.

டிக்கெட்டில் உங்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. இரண்டு வயது முடியாத குழந்தைக்கு மடி டிக்கெட், முடிந்துவிட்டால் தனி இருக்கை. போகும்போது மடி, திரும்பும்போது இரண்டு முடிந்துவிட்டது என்றால் திரும்பும் விமானத்துக்கு இருக்கை வாங்கியே தீர வேண்டும். மே 20-க்கு முன்னால் ஊர் திரும்பிவிட்டால் ஒரு டிக்கெட் மிச்சம். மே முதல் பாதிக்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு, சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை மே கடைசியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு வார நாளில் மிருகக்காட்சிசாலைக்குப் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம், ஜூனில் ஊரே அங்கே நிற்கும்.

இப்போது அந்த நள்ளிரவு விமானம். நாலு மணி நேரப் பயணம், கேட்க ஒன்றுமில்லைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கத்தோடு திருச்சிக்குக் காரில் ஏற்றி, வரிசையில் எழுப்பி, விமானத்தில் அரைத் தூக்கம் தூங்கவைத்து, இறங்கும்போது மறுபடி எழுப்பி வெளியே வந்தால் காலை ஏழு எட்டு மணி. ஓட்டல்காரர்கள் ரூமைக் கொடுப்பது மதியம் இரண்டு மூன்றுக்கு. அந்த வேளையில் ஓட்டல் வரவேற்பறைகளில் நம் ஊர்க் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அம்மா ஒரு பையின் மேல் உட்கார்ந்திருப்பார், தோளில் ஒன்று வாயைத் திறந்து தூங்கும், பெரியது தரையில் படுத்து அழும், அப்பா கவுன்டரில் நின்று, தனக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருப்பார். வேன் வெளியே ஹாரன் அடிக்கும், சிங்கச் சிலையைப் பார்க்கப் போக வேண்டுமே. பகல் விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாவது அதை எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து ரூம் போட்டுவிட்டு, நேராகப் போய் எல்லோரும் படுங்கள். விலை குறைச்சல் என்ற திருப்தி உங்கள் கணவருக்கு அந்த வரவேற்பறையில் போய்விடும்.

நேர வித்தியாசம் இரண்டரை மணி, சிங்கப்பூர் முன்னால். ஐந்து நாளுக்காக இதைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், பிள்ளைகள் திண்டுக்கல் நேரத்திலேயே இருக்கட்டும். வீட்டில் எட்டு மணிக்குத் தூங்குகிறவன் அங்கே பத்தரைக்குத் தூங்குவான், காலையில் ஒன்பதுக்கு எழுந்தால் போதும். ஏஜென்ட் எட்டரைக்கு வேன் என்றால் அது உங்கள் பையனுக்கு ஆறு மணி. அதே சமயம், குழந்தைகளுக்குச் சரிவராது என்று பலரும் விட்டுவிடும் நைட் சஃபாரி, அதாவது ராத்திரியில் மட்டும் திறக்கும் மிருகக்காட்சிசாலை, உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இரவு ஏழேகாலுக்குத் திறக்கிறார்கள், பிள்ளைகளின் கணக்கில் அது மாலை நாலே முக்கால். டிராமில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், மாமியாரின் முட்டிக்கும் நல்லது.

பதினான்கில் ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. மதியம் ரூமுக்கு வந்து தூங்கிவிட்டு வெயில் தாழ மறுபடி கிளம்பினால் போதும். பேக்கேஜை விட்டுவிட்டு விமானம், விசா, ஓட்டல் மட்டும் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் சாப்பாட்டுக் கவலை பாதி தீர்ந்தது, சிராங்கூன் சாலையில் இட்லிக்கும் தயிர் சாதத்துக்கும் குறைவே கிடையாது, 1947-இலிருந்து நடக்கும் கோமள விலாஸ் அங்கேதான். அந்த நிலையத்தில் இரண்டு ரயில் தடங்கள். ஒன்று மாறாமலேயே ஹார்பர்ஃபிரண்ட் போகும், அங்கிருந்து சென்டோசா என்ற பொழுதுபோக்குத் தீவு. இன்னொன்று ஒரு பக்கம் பேஃபிரண்ட், அதாவது கார்டன்ஸ் பை த பே, மறுபக்கம் தாவரவியல் பூங்கா. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் டிக்கெட் இல்லை. ரயிலுக்குள் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் உண்டு, பையனின் பால் பாட்டிலை ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். வாடகைக் காரில் போனால், 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது சட்டம், டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. அதனால் கிராப் ஆப்பில் வண்டி பிடிக்கும்போது டாக்ஸியாகப் பார்த்துப் பிடியுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிடித்த இடங்கள் பெரும்பாலும் இலவசம், ஏஜென்டின் பட்டியலில் அவை இல்லாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். கார்டன்ஸ் பை த பேயில் சிறுவர் தோட்டம் இருக்கிறது, தண்ணீர் பீய்ச்சும், மாற்றுத் துணி வேண்டும். தாவரவியல் பூங்காவில் ஜேக்கப் பலாஸ் சிறுவர் தோட்டம், அதில் குழந்தை கூட இல்லாத பெரியவர்களை உள்ளே விடுவதில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இதெல்லாம் போக, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே சறுக்குமரமும் ஊஞ்சலும் இருக்கும், உங்கள் மகள் அங்கே இன்னொரு குழந்தையோடு அரை மணி நேரம் விளையாடினால் போதும், திண்டுக்கல் போய் அதைத்தான் சொல்வாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் என்றால் எச்சரிக்கைப் பலகைகளில் தமிழைத் தேடச் சொல்லுங்கள், அங்கே தமிழும் ஆட்சிமொழி.

இருமல் மருந்து விஷயத்தில் நாத்தனார் பேச்சைக் கேட்காதீர்கள். தூங்கவைப்பதற்காகக் குழந்தைக்கு மருந்து கொடுக்கக் கூடாது, சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து விமானம் முழுக்க ஆட்டம் போடுவார்கள் என்பது வேறு. காது வலிதான் உண்மையான தொல்லை. இறங்குவதற்கு அரை மணி முன்பே காற்றழுத்தம் மாறத் தொடங்கும், அப்போது தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது திறக்கும். மகளுக்கு மிட்டாய். காய்ச்சல் மருந்தின் அளவை இருவரின் எடைக்கும் தகுந்தபடி உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், அங்கே வெளிநாட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு பயங்கரம். ராத்திரி அவசரம் என்றால் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு, ஆம்புலன்சுக்கு 995. தினமும் காலையில் கிளம்பும்போது பிள்ளைகளை அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் காணோம் என்றால் சட்டை என்ன நிறம் என்று பதற்றத்தில் யாருக்கும் வாயில் வராது.

அப்பா சொல்வது சரி, சின்னவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இருக்கட்டுமே. போக ஆசைப்படுவது நீங்கள்தானே, எட்டு வருடம் கழித்து. பிள்ளைகளைக் காரணம் காட்டாமல் எனக்கு ஆசையாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், காசுக்குக் கேடு என்று அப்புறம் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

மாமியாருக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். கூச்சப்படுவார், வற்புறுத்துங்கள். அவர் வழிக்குக் கட்டிக்கொடுக்கும் புளிசாதத்தைத் திருச்சியிலேயே சாப்பிட்டு முடித்துவிடலாம். கொப்பரைத் தேங்காய் விமானத்தில் ஏறாது, எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். அப்புறம், குருமாப் பொடி ஏதாவது கட்டுகிறாரா என்று பாருங்கள். சிங்கப்பூருக்குள் கசகசாவைக் கொண்டுபோகக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. பொடியில் கசகசா சேர்த்து அரைத்திருந்தால் அந்த டப்பா திண்டுக்கல்லிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா