காணி உறுதியில (காணிப் பத்திரத்தில) உள்ள வைரவபுளியங்குளம் எங்க?

உறுதியில கிராமம் எண்டு இருக்கு, இப்ப அந்தப் பேர் டவுனுக்குள்ள இருக்கு, ரெண்டும் ஒண்டோ எண்டு கேட்டிருக்கிறியள். ரெண்டும் ஒரே இடம்தான். உங்கட அம்மம்மான்ர உறுதியில 'வைரவபுளியங்குளம் கிராமம்' எண்டு இருக்கிறதும், வவுனியா டவுனுக்குள்ள இப்ப நீங்கள் பாக்கிறதும் வேற வேற ஊர் இல்ல, தேடி அலையாதேங்கோ.

வவுனியா இருக்கிற வன்னிப் பக்கத்தில ஒரு குளம் எண்டா அதுக்குக் கீழ வயல், பக்கத்தில குடிமனை, ஒரு கோயில், அதுதான் ஊர். பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோவில்குளம் எல்லாம் அப்பிடித்தான், பேரிலயே குளம் நிக்குது பாருங்கோ. 1905ல யாழ்ப்பாண ரயில் பாதை முழுசாத் திறந்தாப்பிறகு ஸ்டேசனையும் ஏ9 ரோட்டையும் சுத்தி டவுன் பெருத்து, சண்டைக்காலத்தில இடம்பெயர்ந்து வந்த சனமும் இங்கயே இருந்திட்டுது, வயலெல்லாம் வீட்டு வளவாப் போச்சு.

உங்களுக்குக் குழம்பினது உறுதியில எழுதியிருக்கிற காணி எல்லை விவரமா இருக்கும். அதில 'குளக்கட்டு', 'அலைகரை', 'வாய்க்கால்' எண்டு ஏதும் இருக்கா பாருங்கோ, இருந்தா குளக்கட்டில ஏறி துருசு (தண்ணி திறந்து விடுற மதகு) எங்க எண்டு பிடியுங்கோ, அங்கயிருந்து வாய்க்கால் போற பக்கம்தான் பழைய வயல், அலைகரை எண்டது மற்றப் பக்கம், குளத்துத் தண்ணி நிக்கிற பக்கத்துக் கரை.

ஒண்டு, வாய்க்கால் இப்ப மதிலுக்குள்ளயும் போயிருக்கலாம். கண்ணால பாத்ததை நம்பிக் காணி வாங்கவோ விக்கவோ வேண்டாம், லைசென்ஸ் உள்ள நில அளவையாளரைக் கொண்டு பழைய பிளானோட ஒப்பிட்டு அளப்பியுங்கோ.