ஓவர்டைம் கணக்கைக்கூடப் பார்க்கப் பயமாக இருக்கிறது

வணக்கம் மேடம்,

எனக்கு 45 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் 19 வருஷமாக ஆபரேட்டர் வேலை. போன மாதம் சூப்பர்வைசர் கூப்பிட்டு லைன் லீடராகப் போகச் சொன்னார். சம்பளம் கூடும், இரவு ஷிப்டும் குறையும். ஆனாலும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வேண்டாம் என்றுவிட்டேன். உண்மை என்னவென்றால், ஷிப்ட் முடிந்ததும் எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட், அது எத்தனை விழுக்காடு என்று லைன் லீடர் எல்லார் முன்னாலும் போர்டில் எழுத வேண்டும். அந்த போர்டை நினைத்தாலே கை வேர்க்கிறது.

நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது ஏழெட்டு என்னவென்று தெரியாமல் நின்றுவிட்டேன். ஆசிரியர் என்னை மேசைமேல் ஏற்றி நிற்க வைத்தார், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து யாராவது சட்டென்று கணக்கு கேட்டால் தலைக்குள் ஒன்றுமே இருக்காது. மீன்காரர் மீதி கொடுத்தால் எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வேன், இப்போது கியூஆர் வந்துவிட்டதால் அதுவும் வெளியில் தெரிவதில்லை. சம்பளச் சீட்டில் ஓவர்டைம் சரியா என்று ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது.

மகள் நான்காம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தால், "அப்பாகிட்ட போம்மா, அம்மாவுக்குக் கணக்கு வராது" என்பேன். போன வாரம் அவள், "எனக்கும் வராதும்மா, நான் உங்க மாதிரிதான்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இந்த வயதில் இதை மாற்ற முடியுமா மேடம்?

ஒரு வாசகி, பினாங்கு

அன்புச் சகோதரி,

முடியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பத்து வயதுப் பிள்ளையை மேசைமேல் ஏற்றி நிற்க வைத்தது தவறு, பெரிய தவறு. அதில் உங்கள் குற்றம் எதுவுமே இல்லை.

போர்டை "நினைத்தாலே" கை வேர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வார்த்தையில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கணக்கென்றால் பயப்படுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஒரு ஆய்வு 2012இல் வெளியானது. அடுத்து கணக்கு வரப்போகிறது என்று தெரிந்த நொடியில், உடம்பில் வலி ஏற்படும்போது வேலை செய்கிற பகுதிகள் அவர்களுக்கு விழித்துக்கொண்டன. கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்படி நடக்கவில்லை. ஏழையும் எட்டையும் மனதில் பிடித்து வைத்திருக்க ஒரு இடம் வேண்டும் இல்லையா, அந்த இடத்தில் பயம் முந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் தெரிந்ததுகூட மறந்துபோகிறது. (எந்த எண் பெரியது, மணி எத்தனை என்பதில்கூடச் சின்ன வயதிலிருந்தே குழப்பம் இருக்கிறவர்களுக்கு டிஸ்கால்குலியா என்கிற கற்றல் குறைபாடு இருக்கலாம், அவர்கள் உளவியலாளரை நேரில் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை.)

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். வீட்டில், யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், டீயை வைத்துக்கொண்டு. அடிப்படைச் சம்பளம் 2,080 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். நம் மலேசிய வேலைச் சட்டப்படி அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, 80 வெள்ளி. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 10 வெள்ளி. சாதாரண வேலை நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 15 வெள்ளி, பத்து மணி நேரம் செய்திருந்தால் 150. போனில் கால்குலேட்டரைத் தாராளமாகத் தட்டுங்கள், எதை எதால் வகுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

போர்டு கணக்கு அதைவிடச் சுலபம். 1,200 பீஸ் ஓடினால் அதில் ஒரு விழுக்காடு 12. ரிஜெக்ட் 36 என்றால் மூன்று பன்னிரண்டு, 3 விழுக்காடு. ஆனால் ஃபேக்டரியில் எண்கள் இப்படி அழகாக வராது, 1,180 என்று வரும். அப்போதும் ஒரு விழுக்காடு கிட்டத்தட்ட 12தான், ஆக 3க்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று முதலில் மனதில் ஒரு மதிப்புப் போட்டுவிட்டு அப்புறம் கால்குலேட்டரைத் தட்டுங்கள். 3.05 வந்தால் சரி, 30.5 வந்தால் எங்கேயோ விரல் தவறியிருக்கிறது என்று யாரும் சொல்லாமலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு வாரம், உங்கள் லைனில் ஓடுகிற எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவந்து வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள்.

சந்தையில் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் கியூஆரை விட்டுவிட்டு நோட்டைக் கொடுங்கள். மீன் 32 வெள்ளி 60 காசு, நீங்கள் கொடுத்தது 50. கழிக்க வேண்டாம், பழைய மளிகைக்கடைக்காரர்கள் மாதிரி ஏற்றிக்கொண்டே போங்கள்: 40 காசு சேர்த்தால் 33, ஏழு வெள்ளி சேர்த்தால் 40, இன்னொரு பத்து சேர்த்தால் 50. மீதி 17 வெள்ளி 40 காசு. பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும், "ஒரு நிமிஷம் அண்ணே" என்று சொல்லிவிட்டு எண்ணுங்கள்.

மகள் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கணக்குப் பயம் அதிகமுள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால் சின்னப் பிள்ளைகள் அந்த வருஷம் கணக்கில் பின்தங்குகிறார்கள், பயமும் அவர்களுக்கு ஒட்டிக்கொள்கிறது என்று 2015இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அதனால் நீங்கள் இப்போதே டீச்சராக வேண்டாம். "அம்மாவுக்குக் கணக்கு வராது" என்கிற பேச்சை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். "எந்த இடத்துல மாட்டிக்கிச்சும்மா, எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள், அவள் சொல்லச் சொல்லப் பாதி இடத்தில் அவளே கண்டுபிடித்துவிடுவாள். மேசைமேல் நின்ற கதையையும் ஒருநாள் அவளிடம் சொல்லுங்கள். சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு உட்காரும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை வேண்டாம், மூன்றாவது தடவை.

சூப்பர்வைசர் உங்கள் 19 வருஷ வேலையைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு வாரம் ஆனதும் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், இப்போதைய லைன் லீடர் போர்டு எழுதும்போது சில நாள் பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளலாமா என்றும் கேட்டுவிடுங்கள். ஓவர்டைமில் குறை ஏதாவது தெரிந்தால், போட்ட கணக்கை அப்படியே எச்ஆரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.